கானகப் பாதையும் கையிலுள்ள சீட்டும்

கார்த்திகை பிறந்தால் நம் கிளைகளின் முகப்புகளிலேயே கறுப்பு வேட்டியும் துளசிமாலையும் தென்படத் தொடங்கும். எதிரே நிற்கும் வாடிக்கையாளரை அலுவலர் ‘சாமி’ என்று விளிப்பதும், அவர் பதிலுக்கு ‘சொல்லுங்க சாமி’ என்பதும் அந்த நாட்களில் இயல்பாகிவிடும். கொங்குப் பகுதியினர் வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டு வழியாகச் சபரிமலைக்குச் செல்கின்றனர். மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டத்தார் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்திற்குள் நுழைகின்றனர். எந்த வாயிலைக் கடந்தாலும், இன்று அவர்களிடம் கேட்கப்படும் முதற்கேள்வி ஒன்றே: பதிவுச் சீட்டு உண்டா?

மெய்நிகர் வரிசை என்னும் இணையப் பதிவின் வழியே கிடைக்கும் அந்தச் சீட்டைத் தரிசன வரிசையில் இடம் பிடிக்கும் சீட்டாகவே பலரும் கருதுகின்றனர். பம்பை வரை வாகனத்தில் சென்று மலையேறுவோரைப் பொறுத்தவரை அக்கருத்து பெரும்பாலும் சரியே. வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரத்திலிருந்து புல்மேடு வழியாகக் காட்டுக்குள் நடப்பவர்க்கோ அது வேறொரு பணியையும் செய்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தினுள் இன்று இன்னார் நடந்து கொண்டிருக்கிறார் என்பதற்கு அச்சீட்டே சாட்சி. வழிதவறிய ஒருவரைத் தேடத் தொடங்குவதற்கு, அவர் காட்டுக்குள் நுழைந்தார் என்று முதலில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? இந்தக் கட்டுரையில் அச்சீட்டைப் பெறும் முறையையும், அதைக் காத்துக்கொள்ளும் முறையையும் விளக்க விரும்புகிறோம்.

சபரிமலைப் பயணத்திற்கு அடையாளம் கேட்கும் வழக்கம் புதியதன்று. குருசாமியின் கையால் அணியும் மாலையே முதல் அடையாளம். அதை அணிந்தவர் விரதத்தில் இருக்கிறார் என்பது ஊருக்கே அறிவிக்கப்பட்டுவிடுகிறது. இரண்டாவது இருமுடி. முன்முடியில் நெய்த்தேங்காய் முதலிய பூசைப் பொருள்களும், பின்முடியில் வழிக்கான உணவுப் பொருள்களும் இருக்கும். இருமுடி தலையில் இல்லாதவர் பதினெட்டாம்படி ஏற இயலாது. அவர் வடக்கு வாயில் வழியாகவே சென்று தரிசிக்க வேண்டும். ஆக, படியின் அடியில் நிற்கும் காவலர் நெடுங்காலமாகவே ஒரு நுழைவுச் சான்றைச் சரிபார்த்துத்தான் வருகிறார். மூன்றாவதாக வந்து சேர்ந்ததே இந்தக் கட்டக் குறியீடு அச்சிட்ட தாள்.

தமிழ்நாட்டிலிருந்து செல்வோரின் எண்ணிக்கை பெருகியதற்கும் குமுளிச் சாலைக்கும் தொடர்புண்டு. 1950-இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையான பின், புதிய ஐம்பொன் திருமேனியை அமைத்து, அதைத் தமிழ்நாட்டு ஊர்கள் தோறும் எடுத்துச் சென்று மக்கள் வழிபடச் செய்ததில் முன்னின்றவர் பி.டி. ராஜன். அவர் 1936-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகச் சில காலம் இருந்தவர். அவர் பிறந்த உத்தமபாளையம், குமுளிக்குச் செல்லும் அதே சாலையில்தான் இருக்கிறது.

எண்ணிக்கை பெருகிய அளவிற்குக் கணக்கு பெருகவில்லை. 2011 ஜனவரி 14 அன்று மாலை மகரஜோதியைக் கண்டு புல்மேட்டிலிருந்து திரும்பிய கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 102 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய அண்டை மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். அதற்குச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1999-இல் இதே மகரவிளக்கு நாளில் பம்பையை அடுத்த குன்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். புல்மேட்டில் அன்று கூடியவர்கள் யார், எத்தனை பேர் என்பதற்கு முன்பதிவு எதுவும் இருக்கவில்லை. மதிப்பீடுகள் மட்டுமே இருந்தன. இருளில், காட்டின் நடுவே, பிற மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் விழுந்து கிடக்கும்போது அவர் யாரென்று சொல்ல அவர் உடையிலும் பையிலும் ஏதேனும் இருந்தால்தான் உண்டு.

மெய்நிகர் வரிசையைக் கேரளக் காவல்துறை அறிமுகப்படுத்தியது அதே 2011-ஆம் ஆண்டில்தான். தொடக்கத்தில் அது கூட்ட நெரிசலைக் குறைப்பதற்கான விருப்பமுறையாகவே இருந்தது. பதிவு செய்யாதவரும் வழக்கம்போல் சென்றனர். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் நாளொன்றுக்கு 1,000 பேர் என்ற அளவோடு பருவம் தொடங்கியபோது, பதிவுச் சீட்டும் தொற்றில்லாச் சான்றும் இன்றி ஒருவரும் மலையேற முடியாது என்ற நிலை வந்தது. பின்னர் 2022-இல் இம்முறை காவல்துறையிடமிருந்து திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியத்தின் பொறுப்புக்கு மாறியது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் நாளொன்றுக்கு 70,000 பேர் இணையம் வழியாகவும், 10,000 பேர் நேரடிப் பதிவு வழியாகவும் அனுமதிக்கப்பட்டனர். பம்பை, எருமேலி, வண்டிப்பெரியாறு ஆகிய மூன்று இடங்களில் அந்த நேரடிப் பதிவு நடைபெற்றது. 2025 நவம்பரில் நடை திறந்த ஓரிரு நாட்களிலேயே கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால், கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டு நேரடிப் பதிவை நாளொன்றுக்கு 5,000 என்ற அளவிற்குச் சுருக்கியது. ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வண்டியேறுவோர் இதை மனத்தில் கொள்வது நல்லது. நேரடிப் பதிவின் அளவு பருவத்தின் நடுவிலும் மாறக்கூடியது. குமுளியில் இறங்கிய பிறகு அதை அறிந்து பயனில்லை.

சீட்டைப் பெறுதல்

பதிவு செய்யப்படும் தளம் தேவஸ்வம் வாரியத்தின் ‘சபரிமலை ஆன்லைன்’ தளம் ஒன்றே. கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொண்டு ஒரு கணக்கைத் தொடங்கி, பெயர், பிறந்த தேதி, அடையாள ஆவண எண், ஒளிப்படம் ஆகியவற்றைத் தந்து, நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே கணக்கில் உடன்வருவோரையும் சேர்க்கலாம். ஆயினும் ஒவ்வொருவருக்கும் அவரவர் படமும் ஆவணமும் தேவை. இதற்குக் கட்டணம் ஏதுமில்லை. இந்த ஒரு செய்தியைத் தனியே நினைவில் வைக்க வேண்டுகிறோம்; பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

குழுவாகச் செல்வோரின் பதிவில் வழக்கமாக நேரும் பிழைகள் சில உண்டு. நாற்பது பேர் கொண்ட குழுவுக்குக் குருசாமியின் மகனோ, ஊரிலுள்ள கணினி மையமோ ஒரே அமர்வில் பதிவு செய்கின்றனர். பெயரில் முன்னெழுத்து இடம் மாறுகிறது. ஆதாரில் ‘முருகேசன்’ என்றிருப்பவர் சீட்டில் ‘முருகேஷ்’ ஆகிறார். வரிசையில் நிற்கையில் இது சிறு தொல்லையோடு போகலாம். காட்டில் காணாமல் போனவரின் பெயரை இரு மாநிலத்துக் காவல் நிலையங்களில் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இதுவே பெருந்தடையாகும். ஆதாரில் உள்ள எழுத்துகளையே தவறாமல் பதிவு செய்க. கைப்பேசி எண் கேட்கப்படும் இடத்தில் கணினி மையத்துக்காரரின் எண்ணைத் தருவதும் பரவலாக நடக்கிறது. ஒப்புதல் குறுஞ்செய்தியும், மாற்றங்கள் பற்றிய அறிவிப்பும் அவருக்கே போய்ச் சேரும். குழுவில் உடன் வரும் ஒருவரின் எண்ணையேனும் தர வேண்டும். செல்லும் வழியைக் குறிப்பிடும் இடம் படிவத்தில் இருப்பின், நடக்கப் போகும் வழியையே குறிப்பிடுக. எருமேலிப் பெருவழி என்று எழுதிவிட்டுச் சத்திரத்தில் நுழைவதால் குழப்பமே மிஞ்சும்.

நாள் மாறினால் பழைய பதிவை நீக்கிவிடுவது கடமை. பயன்படாத ஒவ்வொரு சீட்டும் வேறொருவரின் இடத்தை அடைத்துக் கொண்டிருக்கிறது. தம்பிக்குப் பதில் அண்ணன் போவது, ஒருவர் வராததால் அவர் சீட்டில் மற்றொருவரை அனுப்புவது ஆகியவற்றை உதவி என்று எண்ணிச் செய்வோர் உளர். அதை நாம் கடுமையாகவே மறுக்கிறோம். கூட்டத்தில் ஏதேனும் நேர்ந்தால், வீட்டில் நலமாக இருப்பவரின் குடும்பத்திற்குத் துயரச் செய்தி போகும். உண்மையில் துயருற்றவரின் குடும்பம் ஏதும் அறியாது காத்திருக்கும்.

சத்திரத்தின் வாயில்

குமுளியிலிருந்து கோட்டயம் செல்லும் சாலையில் தேயிலைத் தோட்டங்களின் நடுவே இருக்கிறது வண்டிப்பெரியாறு. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களால் தமிழ் நன்கு புழங்கும் ஊர் அது. அங்கிருந்து பிரிந்து மலைமேல் ஏறும் கிளைச்சாலை சத்திரத்தில் முடிகிறது. அப்பால் நடை மட்டுமே. புல்மேடு, கழுதைக்குழி, பாண்டித்தாவளம் வழியாகச் சந்நிதானம் சுமார் 12 கிலோமீட்டர். முதற்பாதி பெரும்பாலும் வெட்டவெளிப் புல்வெளி. பிற்பாதி அடர்காடும் இறக்கமும். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்கு வரும் பெருவழியோடு ஒப்பிட்டால் இது குறுகியதே. அதனாலேயே இதை எளிதாக எண்ணி முதியோரையும் சிறுவரையும் அழைத்து வருகின்றனர். மூடுபனி இறங்கினால் பத்தடி தொலைவும் தெரியாத புல்வெளியில், ஆங்காங்கே கிளைக்கும் தடங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.

காலையில் வனத்துறையினர் வழியில் யானை முதலிய விலங்குகள் நிற்கின்றனவா என்று பார்த்து வந்த பின்னரே வாயில் திறக்கப்படுகிறது. அங்கே சீட்டையும் அசல் அடையாள ஆவணத்தையும் சரிபார்த்து, ஆட்களை எண்ணி உள்ளே அனுப்புகின்றனர். காலை 7 மணியளவில் திறந்து, நண்பகலை ஒட்டி வாயிலை அடைத்துவிடுவது அண்மைக்கால வழக்கம். இருட்டுவதற்குள் கடைசி ஆளும் சந்நிதானத்தை எட்டிவிட வேண்டும் என்பதே இதன் கணக்கு. மழைக்காலத்தில் இந்த நேரமும் உறுதியன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த கனமழையின்போது காட்டு வழிகள் அடைக்கப்பட்டன. கையில் செல்லத்தக்க சீட்டு இருந்தும் அன்று ஒருவரும் அவ்வழி நுழைய முடியவில்லை. சீட்டு உரிமையைத் தருவது தரிசனத்திற்கே. காட்டைத் திறப்பதும் மூடுவதும் வானிலையைப் பொறுத்தது.

பிந்தி வந்தவர்கள் வாயிலில் வாதிட்டுப் பயனில்லாமல், தோட்டத்துக் குறுக்குவழிகளைத் தேடிச் செல்வதுண்டு. ஒவ்வொரு பருவத்திலும் இவ்வழியில் தளர்ந்தோ தடம் மாறியோ சிக்கிக்கொண்டவர்களை மீட்புக் குழுவினர் தேடிக் கொணர வேண்டியிருக்கிறது. குறுக்குவழியில் நுழைந்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இராது. அவர் வராததை அறிய எவருமில்லை. இதைவிட வண்டியிலேயே பம்பைக்குச் சென்றுவிடுவது எவ்வளவோ மேல்.

மண்டல, மகரவிளக்குக் காலத்தில் கூட்டம் மிகும்போது, கம்பத்திலிருந்து செல்லும் வாகனங்களைக் கம்பம்மெட்டு, கட்டப்பனை வழியாகத் திருப்பிவிட்டு, திரும்பும் வாகனங்களை மட்டும் குமுளி வழியாக இறக்குவதும் வழக்கம். குமுளி வழியே நேரே போய் விடலாம் என்று கணக்கிட்டவருக்கு இதனால் சில மணி நேரம் கூடுதலாகும். சத்திரத்து வாயில் அடைபடும் நேரத்தை எண்ணி, முதல்நாளே வந்து தங்குவது நன்று.

சீட்டைக் காத்தல்

தாளில் அச்சிட்ட சீட்டையே எடுத்துச் செல்லுமாறு வலியுறுத்துகிறோம். கைப்பேசியில் படமாக வைத்திருப்பது போதும் என்பது நகரத்துப் பழக்கம். காட்டில் அலைவரிசை விட்டுவிட்டே கிடைக்கும். அதைத் தேடித் தேடியே மின்கலமும் விரைவில் தீர்ந்துவிடும். கேரள வனத்துறை 2023-இல் வெளியிட்ட ‘அய்யன்’ செயலியில் சத்திரம், எருமேலி வழிகளின் விவரம் தமிழிலும் கிடைக்கிறது. அதை ஊரிலேயே தரவிறக்கிக்கொள்ளலாம். அதற்காகவேனும் மின்கலத்தைச் சேமித்து வைக்க வேண்டும்.

தாளை எங்கே வைப்பது? இருமுடிக்குள் வைப்பதே முறை என்று சிலர் எண்ணுகின்றனர். இருமுடியை வழியில் பிரிப்பது வழக்கமில்லை. வாயிலில் கேட்கும்போது எடுத்துக் காட்ட இயலாது. வேட்டி மடிப்பில் வைத்த தாள் வியர்வையிலேயே கூழாகிவிடும். பம்பையிலோ ஓடையிலோ நீராடும்போது கரையில் விட்ட துணிப்பை, திரும்பி வருகையில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நீர்புகாத நெகிழி உறையில் சீட்டையும் ஆதார் அட்டையையும் இட்டு, கழுத்தில் கயிற்றோடு தொங்கவிடுவதே சிறந்தது. அதன் பின்புறம் ஒரு சிறு தாளில் குருதி வகை, உட்கொள்ளும் மருந்து, வீட்டு எண், உடன்வரும் ஒருவரின் எண் ஆகியவற்றைத் தமிழோடு ஆங்கிலத்திலும் எழுதி வைக்கலாம். எடுத்துப் பார்ப்பவர் மலையாளம் மட்டும் அறிந்தவராக இருக்கக்கூடும். சீட்டின் நகலொன்று வீட்டில் இருக்கட்டும்.

குழுவினர் அனைவரின் சீட்டையும் குருசாமியே ஒரு பையில் வைத்திருக்கும் பழக்கம் நெடுநாளாக உள்ளது. கன்னிசாமிகள் தொலைத்துவிடக் கூடாது என்ற அக்கறையே அதற்குக் காரணம். ஆயினும், கூட்டத்திலிருந்து பிரிந்துவிடும் கன்னிசாமியின் கழுத்தில் எதுவும் இராது. சீட்டோ பத்திரமாக வேறோர் இடத்தில் இருக்கும். குருசாமியிடம் நகல்கள் இருக்கட்டும், அசல் அவரவரிடமே இருக்க வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பம்பையில் காவல்துறையினர் பெற்றோரின் எண்ணைப் பதிந்த அடையாளப் பட்டையைக் கையில் கட்டுகின்றனர். சத்திரம் வழியாகச் செல்லும் குழந்தை பம்பையைத் தொடாமலே சந்நிதானத்தை அடைந்துவிடும் என்பதால், பெற்றோரே புறப்படும்போது அப்படியொன்றைக் கட்டிவிட வேண்டும்.

நெடுநடைப் பயணிகளுக்கு அடையாள ஏடு தருவது உலகின் பிற பகுதிகளிலும் உண்டு. ஸ்பெயினின் சாந்தியாகோ நகருக்கு நடப்போர் மடிப்பேடு ஒன்றை வாங்கி, வழியிலுள்ள விடுதிகளிலும் தேவாலயங்களிலும் முத்திரை பெறுகின்றனர். குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்ததை, நாளுக்கு இரண்டு முத்திரைகள் வீதம் காட்டினால்தான் நிறைவுச் சான்று கிடைக்கும். ஜப்பானின் சிக்கோக்குத் தீவில் 88 கோயில்களைச் சுற்றிவருவோர் ஒவ்வொரு கோயிலிலும் தம் ஏட்டில் தூரிகையெழுத்தும் செம்முத்திரையும் பெறுகின்றனர். அவ்வேடுகள் நடந்து முடித்ததற்குச் சான்று. நமது சீட்டு நடக்கத் தொடங்கியதற்கே சான்று.

நடந்தவர்க்கு ஒரு சலுகை வேண்டும் என்ற எண்ணம் இங்கும் எழாமல் இல்லை. 2024 டிசம்பரில், காட்டு வழியே நெடுந்தொலைவு நடந்து வருவோர்க்குத் தனி அடையாளச் சீட்டு தந்து, சந்நிதானத்தில் தனி வரிசையில் விடும் ஏற்பாட்டைத் தேவஸ்வம் வாரியம் வனத்துறையோடு சேர்ந்து தொடங்கியது. எதிர்பார்த்ததைக் காட்டிலும் பன்மடங்கு மக்கள் அவ்வழியில் திரண்டதால், புத்தாண்டு பிறந்தவுடனேயே அது நிறுத்தப்பட்டது. நல்ல ஏற்பாடு ஒன்று இப்படி முடிந்ததில் நமக்கு வருத்தமே. எனினும் காட்டு வழியைக் குறுக்குவரிசையாக மாற்றிவிடும் எந்தச் சீட்டும் காட்டையே நெரிசலாக்கிவிடும் என்பதும் மெய்.

வங்கி வாசகர்களுக்கு இவ்விடத்தில் அமர்நாத் யாத்திரையையும் நினைவூட்டலாம். அதன் அனுமதிச் சீட்டு, குறிப்பிட்ட சில வங்கிகளின் தெரிந்தெடுத்த கிளைகளிலும் வழங்கப்படுகிறது. 13 வயதுக்குக் குறைந்தோர்க்கும் 70 வயதைக் கடந்தோர்க்கும் அனுமதியில்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவரின் உடல்நலச் சான்று கட்டாயம். 2022 முதல், பயணி எந்த இடத்தைக் கடந்தார் என்பதைக் காட்டும் மின்னணு அட்டையையும் கழுத்தில் அணிய வேண்டும். சத்திரம் வழிக்கு அத்தகைய மருத்துவச் சான்று கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாவிட்டாலும், நாற்பதைக் கடந்தவர்கள் மாலையணியும் நாளிலேயே மருத்துவரைக் கண்டு வருவது நலம்.

பணம் கேட்பவர்கள்

முன்னர் குறிப்பிட்ட கட்டணச் செய்திக்கு வருகிறோம். பதிவு இலவசம் என்பதை அறியாதவர்களிடம், ‘உறுதியான சீட்டு’, ‘தனி வரிசைச் சீட்டு’ என்று சொல்லி யுபிஐ மூலம் பணம் கேட்கும் செய்திகள் பருவந்தோறும் உலவுவது இயல்பே. பணம் கேட்டாலே அது தேவஸ்வம் வாரியத்தின் பதிவன்று என்று முடிவு செய்யலாம். கணினி மையத்தில் அச்சிட்டுத் தரும் கூலியைத் தருவது வேறு, சீட்டுக்கு விலை தருவது வேறு. ஆதார் எண்ணோடு ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்க. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைத்து, தங்கள் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் தெரிவித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு கூடுதல்.

காணிக்கைக்கும் வழிச்செலவுக்கும் வேண்டிய அளவு பணத்தை மட்டும் எடுத்துச் செல்க. பற்று அட்டைகள் அனைத்தையும் கழுத்துறையில் சீட்டோடு சேர்த்து வைக்காதீர். ஒன்று தொலைந்தால் மற்றதாவது மிஞ்ச வேண்டும்.

தரிசனம் முடிந்து சத்திரம் வழியாகவே திரும்ப எண்ணுவோர், சந்நிதானத்திலிருந்து அவ்வழியில் புறப்பட அனுமதிக்கும் காலை நேரத்தை முன்னதாகவே கேட்டறிய வேண்டும். அப்போதும் சீட்டும் ஆதாரும் கையில் இருக்கட்டும். பம்பை வழியாக இறங்குவதென்று நடுவழியில் முடிவு செய்தால், சத்திரத்தில் வண்டியோடு காத்திருப்பவர்க்குத் தகவல் சொல்லிவிடுக. இல்லாவிடில் ஊரில் நலமாகச் சாப்பிட்டுக் கொண்டிருப்பவரைக் காட்டில் தேடும் நிலை வரும்.

ஊர் திரும்பி மாலை கழற்றிய பின் சிலர் சீட்டைப் பூசையறையில் படத்தின் அடியில் வைக்கின்றனர். வைக்காதவர்கள் அதையும், உடன் எடுத்துச் சென்ற ஆதார் நகல்களையும் கிழித்துவிட்டே குப்பையில் இட வேண்டும். நெகிழி உறையை மட்டும் மலையில் எறியாமல் கொண்டு வந்திருந்தால், அடுத்த கார்த்திகைக்கும் அதுவே உதவும்.